முதல் கூரை டென்ட்: ஹார்ட் ஷெல்லா, சாஃப்ட் ஷெல்லா? மூன்று பேருக்கு எது ஒத்துவரும்?

பாதைமல்லி
எல்லோருக்கும் வணக்கம். நான், கணவர், ஆறு வயது மகள் என மூன்று பேர். ஏழெட்டு வருடமாகத் தரையில் டென்ட் போட்டுத் தங்கிப் பழக்கம். போன மழைக்காலத்தில் ஒருநாள் நடு இரவில் டென்டுக்குள் தண்ணீர் புகுந்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தே விடியவைத்தோம். அன்றிலிருந்து, காரின் கூரை மேல் பொருத்தி அங்கேயே விரித்துப் படுக்கும் கூரை டென்ட் மேல் ஆசை பிடித்துக்கொண்டது.

இரண்டு மாதமாகப் படம் பார்த்து, விவரம் படித்து, நான்கு பேர் படுக்கும் ஹார்ட் ஷெல் (மேலே துணி உறைக்குப் பதில் கெட்டியான ஓடு உள்ளது) ஒன்றில் மனது நின்றிருக்கிறது. எடை 85 கிலோ. வண்டி நடுத்தர அளவு எஸ்யூவி. கூரையில் ஏற்கனவே இரண்டு கிராஸ்பார் (கூரைக்குக் குறுக்கே மாட்டும் கம்பி) இருக்கிறது, சைக்கிள் ஏற்றுவதற்காகப் போட்டது. பெரும்பாலும் தார்ச்சாலைதான். கடைசி பத்து இருபது கிலோமீட்டர் கப்பிச்சாலையாக இருக்கும். ஓரிடத்தில் ஒரு இரவு, அதிகம் போனால் இரண்டு இரவு தங்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம்.

இதையே வாங்கிவிடலாமா? வாங்கும் முன் வேறு என்ன பார்க்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மேடுபள்ளம்
வாழ்த்துகள் தோழி. ஆனால் டென்டைப் பற்றிப் பேசுமுன் கூரையைப் பற்றிப் பேசிவிடுவோம். மூன்று எண்கள் தேவை. வண்டியின் கையேட்டில் கூரைச் சுமை என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் உள்ள எண். கிராஸ்பாரோடு வந்த தாளில் உள்ள எண். டென்டின் முழு எடை.

முதல் இரண்டும் வண்டி ஓடும்போது தாங்கும் சுமை. பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் மேலே இருக்கும் எடை பல மடங்கு விசையோடு இழுக்கும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்ட எண் அது. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. கூரை 100 கிலோ தாங்கினாலும் பார் 75 தாங்கினால், உங்களுக்கு 75தான்.

இன்னொன்று. வண்டியின் எண்ணில் கிராஸ்பாரின் எடையும் அடக்கம். டென்டுக்குள் போர்வை, தலையணையை வைத்தே மூடிக்கொண்டு போவீர்கள் என்றால் அதையும் கூட்டுங்கள். சில விளம்பரத் தாள்களில் ஏணி, மெத்தை, மழைத்துணி இல்லாமல் வெறும் டென்ட் எடையை மட்டும் போட்டிருப்பார்கள். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று எண்களையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

பாதைமல்லி
உடனே எடுத்துப் பார்த்தேன். வண்டிக் கையேட்டில் 100 கிலோ. கிராஸ்பார் தாளில் 75 கிலோ, அதற்குக் கீழே கரடுமுரடான பாதையில் 50 கிலோ என்று தனியாகப் போட்டிருக்கிறது. இந்த இரண்டாவது எண்ணை இதுவரை பார்த்ததே இல்லை. பார் இரண்டும் சேர்ந்து 6 கிலோ.

அப்படியானால் 85 கிலோ டென்ட் தார்ச்சாலையில்கூட ஆகாதா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஓடும்போதே 75தான் தாங்கும் என்றால், ராத்திரி டென்ட், நாங்கள் மூன்று பேர் எல்லாம் சேர்ந்து 240 கிலோ வருமே. கூரை அமுங்கிவிடாதா?

மேடுபள்ளம்
85 ஆகாது. பார் கழன்று டென்ட் சாலையில் போய் விழுந்தால் பின்னால் வருபவர் கதி என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதில் கொஞ்சம்தானே கூடுதல் என்ற பேச்சுக்கு நான் இடம் கொடுப்பதே இல்லை.

ராத்திரிக் கணக்கு வேறு. நிற்கும் வண்டியில் அந்த உலுக்கல் விசை கிடையாது. எடை மெதுவாக, நேராகக் கீழே இறங்குகிறது. அதனால் நிற்கும்போது தாங்கும் சுமை, ஓடும்போது தாங்குவதைப் போலப் பல மடங்கு இருக்கும். சில வண்டிக் கையேடுகளில் அந்த எண்ணும் தனியாக இருக்கும். இல்லையென்றால் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள், பதில் எழுத்தில் இருப்பது நல்லது. பாரின் தாளிலும் அந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள். விரிகிற வகை டென்டில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாதியின் எடையில் பெரும் பங்கை ஏணி தரைக்கு இறக்கிவிடும்.

75க்கும் 50க்கும் உள்ள உறவைக் கவனித்தீர்களா? பார் தயாரிப்பாளர்கள் பலர் கரடு பாதைக்குத் தார்ச்சாலை எண்ணை 1.5ஆல் வகுக்கச் சொல்வார்கள். உங்களுக்குக் கடைசி இருபது கிலோமீட்டர் கப்பிச்சாலை என்றீர்கள். அந்த இருபதுக்குத்தான் நீங்கள் கணக்குப் போட வேண்டும்.

கித்தான்காரர்
மேடுபள்ளம் அண்ணா சொன்னதற்கு மேல் எடையில் சொல்ல ஒன்றுமில்லை. நான் வகைகளைப் பற்றிச் சொல்கிறேன். பதினொரு வருடத்தில் மூன்று டென்ட் மாற்றியிருக்கிறேன்.

சாஃப்ட் ஷெல் என்பது புத்தகம் போல நடுவில் மடிவது. மேலே ஒரு தார்ப்பாய் உறை. உறையைக் கழற்றி, ஏணியை நீட்டி, அதையே நெம்புகோலாக வைத்து இழுத்தால் மறுபாதி விரியும். பிறகு மழைத்துணிக்குக் கம்பிகள் மாட்ட வேண்டும். பழகினால் பத்து நிமிடம். மூடுவதுதான் வேலை: துணியை உள்ளே தள்ளி, உறையைச் சுற்றி இழுத்து ஜிப் போட்டு, வார் கட்டி முடிக்க பதினைந்து இருபது நிமிடம் ஆகும், மழையில் இன்னும் கூடும். ஆனால் மடித்தால் கூரையில் பாதி இடம், விரித்தால் இரண்டு மடங்கு படுக்கை. எடைக்கு ஏற்ற இடம் என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

ஹார்ட் ஷெல்லில் இரண்டு மூன்று வகை உண்டு. சிப்பி மாதிரி ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொள்வது ஒன்று. பெட்டி மாதிரி நான்கு மூலையும் சமமாக எழும்புவது இன்னொன்று. தாழ்ப்பாளை எடுத்தால் கேஸ் ஸ்ட்ரட் (கார் டிக்கியைத் தூக்கிப் பிடிப்பது போன்ற வாயுத் தண்டு) தானே தூக்கிவிடும், ஒரு நிமிட வேலை. ஆனால் படுக்கை ஓட்டின் அளவுதான், பெரும்பாலும் இரண்டு பேருக்கு. மூன்றாவதாக, மேலே ஓடு, உள்ளே மடிந்து விரியும் படுக்கை என்று கலப்பு வகை வந்திருக்கிறது. தங்கை பார்த்து வைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும். இடமும் உண்டு, வேகமும் உண்டு, அதற்கு விலை எடையில்.

உங்களுக்கு இப்போதைக்கு எடை ஒரு பக்கம், மூன்று பேர் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து இழுத்தால் சாஃப்ட் ஷெல்லில்தான் வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தரைவாசி
நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வருடம் கூரை டென்ட் வைத்திருந்து விற்றுவிட்டேன்.

காரணம் ஒன்றுதான். நாங்கள் ஓரிடத்தில் நான்கைந்து நாள் தங்கும் ஆட்கள். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அருவிக்கோ பக்கத்து ஊருக்கோ போக வேண்டும் என்றால் வீட்டையே மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்தால் நல்ல சமதரையில் வேறு யாராவது நிற்பார்கள். தரை டென்ட் என்றால் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நடு இரவில் கிளம்ப வேண்டியிருந்தது. இருட்டில் அந்த உறையின் ஜிப்போடு போராடியதை இன்றும் மறக்க முடியவில்லை.

பாதைமல்லி அவர்கள் தரையில் தண்ணீர் புகுந்ததால்தான் மேலே போக நினைக்கிறார். இடம் பார்த்துப் போட்டு, நல்ல அடித்துணி விரித்தால் தரை டென்டிலேயே அந்தப் பிரச்சினை தீருமே? தாழ்வான இடத்தில் போட்டால் எந்த டென்டிலும் தண்ணீர் வரும். அடித்துணி டென்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை அதுவே ஏந்தி உள்ளே அனுப்பும். அதைச் சரிபார்த்தீர்களா?

பாதைமல்லி
நீங்கள் சொன்னது உண்மை அண்ணா. அன்று அடித்துணி வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது படித்ததும்தான் புரிகிறது.

ஆனால் நாங்கள் தினமும் இடம் மாறுகிறவர்கள். சாயங்காலம் போய்ச் சேரும்போதே பாப்பா களைத்துப்போயிருப்பாள். கல் பொறுக்கி, மெத்தையில் காற்று நிரப்பி முடிப்பதற்குள் இருட்டிவிடும். மெத்தையோடு தயாராக இருப்பது எங்களுக்குப் பெரிய விஷயம். நடு இரவில் கிளம்ப வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. அதை வீட்டில் பேச வேண்டும்.

நிலாவெளி
நடு இரவில் கிளம்புவதற்கு எங்கள் வழக்கம்: வண்டியை எப்போதும் வெளியே போகும் திசையைப் பார்த்து நிறுத்துவோம். சாவி டென்டின் உள்பையில் இருக்கும். ஹார்ட் ஷெல் என்பதால் மூட மூன்று நிமிடம். நிஜமான ஆபத்து என்றால் டென்டை அப்படியே விட்டு, ஆட்கள் இறங்கி வேறு வண்டியில் போவதுதான். அதனால் தனியாக ஒரே வண்டியில் வெகுதூரம் உள்ளே போவதைக் குறைத்துக்கொண்டோம்.

அப்புறம் நான்கு பேர் டென்ட் என்ற பேச்சை நம்பாதீர்கள். படுக்கை அகலத்தை டேப் வைத்துப் பாருங்கள். 140 செ.மீ. அகலத்தில் மூன்று பேர் என்றால் ஆளுக்கு 47 செ.மீ.கூட இல்லை. பெரியவர்கள் நிம்மதியாகத் தூங்க 60 செ.மீ. வேண்டும். 60, 60 போக மிச்சம் 20. ஆறு வயதுப் பிள்ளை அதில் படுக்கும் என்று நினைத்தால் ஒன்று நீங்கள் விளிம்பில் படுப்பீர்கள், இல்லையென்றால் அவள் உங்கள் மேல் படுப்பாள். தரையில் 140 செ.மீ. அகலத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒரு இரவு மூன்று பேரும் அதற்குள் தூங்கிப் பாருங்கள்.

மேடுபள்ளம்
சுண்ணக்கட்டி யோசனை அருமை. நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, இனிமேல் எல்லோருக்கும் சொல்வேன்.

பாதைமல்லி
படுத்துப் பார்த்தோம்! கோட்டுக்குள் கணவர் ஒருக்களித்துப் படுத்தால் சரியாக இருக்கிறது, மல்லாந்தால் இல்லை. 160 போட்டுப் பார்த்தோம், மூன்று பேருக்கும் நிம்மதி. இப்போதைக்கு அவள் சின்னவள். இன்னும் நான்கு வருடத்தில் எப்படி இருக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது.

160 அகலத்தில் சாஃப்ட் ஷெல் ஒன்று 58 கிலோவில் கிடைக்கிறது. ஏணி, மெத்தை எல்லாம் சேர்த்துத்தான் என்று எழுத்திலேயே வாங்கிவிட்டேன். ஆனால் என் பாரில் கப்பிச்சாலைக்கு 50தானே?

மேடுபள்ளம்
பாரை மாற்றுங்கள். கூரை 100 தாங்கும் என்பது உங்கள் பெரிய சொத்து. தார்ச்சாலைக்கு 100 கிலோ என்று குறித்த பார் வாங்கினால் கரடு பாதைக்கு 66 வரும். பார் 9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டென்ட் 58, உள்ளே படுக்கைத் துணி 4, ஆக பார் மேல் 62. அது 66க்குள். கூரைக்கு 62ம் 9ம் சேர்ந்து 71. அது 100க்குள். நிம்மதியாகப் போகலாம்.

ஆனால் வாங்கும் முன் அந்தப் பார் உங்கள் வண்டிக்கும் அதே 100 கிலோதானா என்று பார்க்க வேண்டும். ஒரே பார், வண்டிக்கு வண்டி வேறு எண் போட்டிருப்பார்கள், பாரின் கால் கூரையைப் பிடிக்கும் இடத்தைப் பொறுத்து மாறும். மூன்றாவது பார் சேர்த்தால் சுமை இன்னும் பரவும், ஆனால் கூரையின் எண் அதனால் ஏறாது. பார்களுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று டென்ட் கையேட்டில் இருக்கும், அதையும் இப்போதே அளந்துவிடுங்கள். கண்ணாடிக் கூரை உள்ள வண்டி என்றால் கையேட்டில் தனி எச்சரிக்கை இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள்.

சின்னக்கார்
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் சிறிய கார்தான். கூரை டென்ட் எல்லாம் பெரிய வண்டிக்காரர்களுக்கு மட்டுமா?

கித்தான்காரர்
அப்படி இல்லை தம்பி. இத்தாலியில் 1958இலேயே கூரை டென்ட் விற்பனைக்கு வந்துவிட்டது, அன்று ஏது எஸ்யூவி? கிழக்கு ஜெர்மனியில் டிராபன்ட் என்ற குட்டிக் காரின் மேலேயே டென்ட் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினார்கள். அந்தக் காரே அறுநூற்றுச் சொச்சம் கிலோதான். உங்கள் கையேட்டு எண்ணைப் பாருங்கள். 75 இருந்தால் 45, 50 கிலோவில் இரண்டு பேர் சாஃப்ட் ஷெல் யோசிக்கலாம். 50 என்று இருந்தால் விட்டுவிட்டு, பின் இருக்கையை மடித்து உள்ளேயே படுக்கப் பலகை போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் சுகம்தான்.

ஈரமூட்டை
எடை, அகலம் எல்லாம் பேசியாயிற்று. நான் ஈரத்தைப் பற்றிச் சொல்கிறேன், என் முதல் டென்ட் அதில்தான் போனது.

மூன்று நாள் பயணம், கடைசி நாள் காலையில் நல்ல பனி. நனைந்த துணியை அப்படியே மடித்துக்கொண்டு வீடு வந்தேன். வேலை அதிகம், ஒன்பது நாள் கழித்துத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. மடிப்பு மடிப்பாகக் கறுப்புப் புள்ளிகள். வினிகர், சோப்பு, வெயில் எல்லாம் பார்த்தேன். பூஞ்சை செத்தது, கறை போகவில்லை. மெத்தையைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. ஈரத்தோடு மூடினால் மறுநாளே, தள்ளிப்போனால் அதற்கடுத்த நாள், விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும். வீட்டில் வண்டியை நிறுத்தி டென்டை முழுக்க விரிக்க இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். மாடிக்கு அடியில் தாழ்வான கார் நிறுத்தத்தில் சிப்பி வகை எழும்பாது.

மழை பெய்யாவிட்டாலும் ஈரம் வரும். மூன்று பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சில் உள்ள தண்ணீர் எங்கே போகும்? குளிர்ந்த துணியிலும் உலோகத்திலும் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். மெத்தைக்கு அடியில் இன்னும் மோசம். மேலே உடல் சூடு, கீழே குளிர்ந்த பலகை, நடுவில் காற்று கிடையாது. மெத்தைக்கு அடியில் விரிக்க நார்வலை மாதிரி ஒரு விரிப்பு கிடைக்கும், காற்றோட்டத்துக்காகவே செய்தது. அதைக் கட்டாயம் போடுங்கள். எவ்வளவு குளிர் அடித்தாலும் எதிரெதிரே இரண்டு ஜன்னலைக் கையளவு திறந்து வையுங்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினால் காலையில் போர்வையே நனைந்திருக்கும்.

கித்தான்காரர்
ஈரமூட்டை சொன்னதோடு துணியையும் பார்த்துவிடுவோம். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த கேன்வாஸ், சதுர மீட்டருக்கு 280 முதல் 320 கிராம் வரை கனமாக வரும். மூச்சு விடும், வெயிலில் சூடு குறைவு, காற்றில் படபடக்காது. ஆனால் கனம், காய நேரம் ஆகும். முழுப் பாலியெஸ்டர் லேசானது, சீக்கிரம் காயும், ஆனால் உள்ளே அதிகம் வியர்க்கும். இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு நான் கேன்வாஸையே சொல்வேன், காயவைக்கப் பொறுமை இருந்தால்.

புதுக் கேன்வாஸ் வந்ததும் பயணத்துக்கு முன் வீட்டில் விரித்து, தண்ணீர் அடித்து நன்றாக நனைத்து, முழுக்கக் காயவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். தையல் ஓட்டையில் நூல் உப்பி அடைத்துக்கொள்ளும். முதல் முறை தையல் வழியே சொட்டினால் பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

மூட்டுவலி
ஏணியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு வயது 58. ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் ஏணியில் இறங்குவது விளையாட்டு இல்லை.

முகம் ஏணியைப் பார்த்தபடிதான் இறங்க வேண்டும், மேலே தலை வெளியே வந்ததும் திரும்பிவிட வேண்டும். ஏணி செங்குத்தாக நிற்கக் கூடாது, கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். வட்டக் கம்பிப் படி வெறுங்காலில் வலிக்கும், பட்டையான அகலப் படி உள்ள ஏணியாகப் பாருங்கள். செருப்பை மேலேயே ஒரு பையில் தொங்கவிடுங்கள். தலையில் மாட்டும் விளக்கு தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்கள் வண்டி உயரம் என்றால் ஏணியின் நீளம் போதுமா என்றும் கேளுங்கள். நீட்டிக்கொள்ளும் ஏணியில் ஒவ்வொரு கண்ணியும் பூட்டிக்கொண்டதா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் நான் ஏறுவேன்.

குழந்தையைப் பொறுத்தவரை, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு பெரியவர் கீழே நிற்க வேண்டும். தூங்கும்போது வாசல் பக்கம் படுக்கவைக்காதீர்கள். நாங்கள் பேரனை நடுவில் போட்டு, வாசல் ஜிப்பை மேலிருந்து மட்டும் திறக்கும்படி மூடி வைப்போம், அவன் கைக்கு எட்டாது.

பாதைமல்லி
இதை எல்லாம் வாசித்ததும் கணவர், ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். அகலமான சாஃப்ட் ஷெல் ஒன்று வண்டியோடு சேர்த்தே வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. போய் வந்து எழுதுகிறேன்.

நிலாவெளி
மிக நல்ல முடிவு. மழை வந்தால் சந்தோஷப்படுங்கள், அப்போதுதான் எல்லாம் தெரியும். காற்று அடித்தால் வண்டியை எந்தப் பக்கம் திருப்பினால் சத்தம் குறைகிறது என்று பாருங்கள். பொதுவாக வாசலும் பெரிய ஜன்னலும் காற்றுக்கு நேரே இருக்கக் கூடாது.

பாதைமல்லி
வந்துவிட்டோம். ஆறு இரவு, நான்கு இடம்.

முதல் இரவு தரை சரிவாக இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ராத்திரி முழுக்க மூன்று பேரும் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தோம். மறுநாள் முதல் வண்டியை நிறுத்தியதும் டேஷ்போர்டில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைப் படுக்கவைத்து, எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்த்து, சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்தோம். முழுக்கச் சமம் ஆகாவிட்டால் தலைப்பக்கம் மேட்டில் இருக்கும்படி நிறுத்தினோம்.

மூன்றாவது இரவு மழை. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தோம். பாப்பா தூங்கிவிட்டாள், எனக்குத்தான் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. காலையில் மழையிலேயே மூட 25 நிமிடம் ஆனது. இரண்டு பேரும் நனைந்துவிட்டோம், உறையின் ஜிப் ஒரு மூலையில் சிக்கிக்கொண்டது. அன்று ஹார்ட் ஷெல் ஞாபகம் வந்தது உண்மை. கணவர் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் ஆறு நாளில் ஒரே ஒரு காலைதான் அப்படி. மற்ற நாளெல்லாம் அந்த அகலம் தந்த நிம்மதியை வேகத்துக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இன்னொன்றும் கண்டுபிடித்தோம்: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதிக்குக் கீழே நிழல், மழைக்கு ஒதுங்கும் இடம். அடுப்பை அங்கே பற்றவைக்கலாமா?

மேடுபள்ளம்
நேர் கீழே வேண்டாம். மேலே இருப்பது துணியும் பலகையும் மெத்தையும். தீ ஏறினால் இறங்கும் வழியும் அதே பக்கம்தான். அடுப்பு சில அடி தள்ளி, காற்று டென்டைப் பார்த்து வீசாத பக்கம் இருக்கட்டும். டென்டுக்குள் எரியும் அடுப்போ கரியோ எந்தக் குளிரிலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

வாங்கி மாட்டிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லா நட்டையும் இறுக்கிப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு, கப்பிச்சாலை முடிந்ததும் ஒருமுறை. எம்8 போல்ட் என்றால் 13 எண் ஸ்பேனர் பொருந்தும், ஒன்றை வண்டியிலேயே வையுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் நாள் முழுக்கக் கரடு பாதையில் போய், சாயங்காலம் பார்த்தால் நான்கு நட்டில் ஒன்று இல்லை, இன்னொன்று கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதிலிருந்து நைலான் வளையம் உள்ள நட்டைத்தான் போடுகிறேன். திருட்டுக்குப் பயம் என்றால் ஒன்றிரண்டைச் சாவி போட்டுத் திறக்கும் நட்டாக மாற்றலாம்.

சின்னக்கார்
எரிபொருள் எவ்வளவு கூடும்? வருடம் முழுக்க மேலேயே வைத்திருக்கலாமா?

நிலாவெளி
வண்டிக்கு வண்டி மாறும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. 80இல் போகும்போது உள்ள எதிர்ப்பை விட 110இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மடித்த சாஃப்ட் ஷெல் ஏறக்குறைய ஓரடி உயரம் முட்டிக்கொண்டு நிற்கும். மெல்லிய ஹார்ட் ஷெல் அதில் பாதிதான் இருக்கும். மின்சார வண்டி என்றால் ஒரே சார்ஜில் போகும் தூரம் குறைவது உடனே கண்ணில் படும். அதனால் பயணம் இல்லாத மாதங்களில் நாங்கள் இறக்கிவைத்துவிடுவோம், வெயிலில் உறை வெளுத்துக் கிழிவதும் குறையும். இறக்க மூன்று நான்கு பேர் தேவை, அல்லது கார் நிறுத்தும் இடத்தின் விட்டத்தில் கப்பி கட்டித் தூக்கலாம்.

மொத்த உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடித்தள கார் நிறுத்தங்களில் பல இடத்தில் இரண்டு மீட்டர் சொச்சம்தான் உயரம். உயரக் கம்பியைப் பார்த்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

தரைவாசி
பாதைமல்லி அவர்களின் கதையைப் படித்த பிறகு, அவருக்கு இது பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். தினமும் இடம் மாறுகிறவர்களுக்கு என் வாதம் செல்லாது. ஓரிடத்தில் தங்குகிறவர்கள் யாராவது பிறகு இந்த இழையைப் படித்தால் என் பதிவையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பாதைமல்லி
நீங்கள் அன்று கேட்ட கேள்வி இல்லாவிட்டால் எங்கள் தரை டென்ட் ஏன் நனைந்தது என்றே தெரிந்திருக்காது அண்ணா. அதை விற்கவில்லை. நான்கு நாள் ஓரிடத்தில் தங்கும் விடுமுறைக்கு அதுதான்.

முடிவு: 160 அகல சாஃப்ட் ஷெல், கலப்புக் கேன்வாஸ், 58 கிலோ. பாரை மாற்றியாயிற்று, எங்கள் வண்டிக்கு 100 கிலோ என்று தாளில் இருக்கிறது. மெத்தைக்கு அடியில் வலை விரிப்பு. பட்டைப் படி ஏணி. நேற்று வீட்டு வாசலில் விரித்து முதல் முறை தண்ணீர் அடித்தோம், கித்தான்காரர் அண்ணா சொன்னது போலவே ஒரு தையலில் சொட்டியது. இன்று இரண்டாவது முறை, சொட்டவில்லை. மூன்றாவது முறையும் தேவையா?

கித்தான்காரர்
செய்துவிடுங்கள், ஒரு நாள் வேலைதானே. இந்த முறை தண்ணீரை மூலைகளில் அதிக நேரம் அடியுங்கள், ஜன்னல் குடையின் கம்பி மாட்டும் இடத்தையும் பாருங்கள். காய்ந்ததா என்று துணியைத் தொட்டு முடிவு செய்யாதீர்கள், தையல் மடிப்பைத் தொட்டுப் பாருங்கள். அங்கேதான் கடைசியாகக் காயும்.